வேலையிடத்தில் கைநீட்டினால்: பெங்களூரில் எங்கே போவது, எதை எழுதி வைப்பது

ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் என் சித்தி மகளை, ஷிப்மென்ட் நெருக்கடி நாளில் ஃப்ளோர் இன்சார்ஜ் காதோடு சேர்த்து அறைந்துவிட்டார். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கார்மிக பவன் (லேபர் ஆபீஸ்), கோர்ட் வாசல் என்று அவளோடு அலைந்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: சட்டம் கேட்பதெல்லாம் காகிதம். அதில் பாதிக் காகிதத்தை முதல் இரண்டு நாளில் வாங்கினால்தான் உண்டு. அடுத்த வாரம் போய்க் கேட்டால் கிடைக்காது.

கார்மென்ட்ஸ், கட்டட வேலை, ஹோட்டல், குடோன், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி வார்டு, வீட்டு வேலை என்று எங்கே இருந்தாலும் இது பொருந்தும். கன்னடம் பேச வரும், படிக்க வராது என்ற நிலையில் இருக்கும் நம் ஆட்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் அங்கிருந்து வெளியே வாருங்கள்

திருப்பி அடிக்காதீர்கள். ஒரு தள்ளு தள்ளினால்கூட உங்கள் மேலும் எதிர்ப் புகார் வரும், அப்புறம் "இரண்டு பேரும் சமாதானமாகப் போங்கள்" என்பதில் வந்து முடியும். பக்கத்து மிஷினில் இருப்பவரிடமோ உடன் வேலை செய்பவரிடமோ "இவர் என்னை இப்போது அடித்தார், பார்த்தீர்கள் அல்லவா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

வெளியே விடாமல் ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தால் 112-க்கு அழையுங்கள். கதவை அடைத்து வைப்பது அடித்ததிலிருந்து தனியான இன்னொரு குற்றம். ஸ்டேஷனில் அது எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "லீவு லெட்டர்தான்", "நடந்ததை எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்" என்று கன்னடத்திலோ இங்கிலீஷிலோ ஒரு தாளை நீட்டுவார்கள். அது ராஜினாமாவாக இருக்கலாம், "எனக்குப் புகார் இல்லை" என்ற கடிதமாக இருக்கலாம். மிரட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றோ மறுநாளோ "என் விருப்பம் இல்லாமல் வாங்கிய கையெழுத்து, அது செல்லாது" என்று கம்பெனி முகவரிக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நாள் தள்ளத் தள்ள அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகும்.

2. ஸ்டேஷனுக்கு முன் ஆஸ்பத்திரி

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஃபேக்டரி நர்ஸ் மருந்து தடவி மாத்திரை கொடுத்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. விக்டோரியா, பௌரிங், ஜெயநகர் ஜெனரல், மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் ஆகியவற்றில் எது பக்கமோ அதன் எமர்ஜென்சிக்குப் போய், "வேலை செய்யும் இடத்தில் என்னை அடித்தார்கள், எம்.எல்.சி. போடுங்கள்" என்று கேளுங்கள். எம்.எல்.சி. என்பது போலீஸ் வழக்குக்கான மருத்துவப் பதிவு. தனியார் ஆஸ்பத்திரியிலும் போடுவார்கள், பில் மட்டும் நம் தலையில். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக் கட்டணம் போல ஏதாவது சிறு தொகைதான் ஆகும்.

"போலீஸ் லெட்டர் கொண்டு வா, அப்புறம் பார்க்கிறோம்" என்று சொன்னால் நகராதீர்கள். அவசர நிலையில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் வேலை.

அடுத்த பொறி, கூட வரும் ஆள். கம்பெனி வண்டியிலேயே அழைத்துப் போவார்கள், வெல்ஃபேர் ஆபீசரோ ஹெச்.ஆர். ஆளோ துணைக்கு வருவார். டாக்டர் "என்ன ஆச்சு?" என்று கேட்டதும் நீங்கள் வாய் திறப்பதற்குள் அவர் "ஸ்டெப்ஸில் வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர்" என்று முடித்துவிடுவார். ரிஜிஸ்டரில் அது ஏறிவிட்டால் பிறகு வழக்கே வழுக்கி விழுந்ததுதான். அதனால் உங்கள் வீட்டு ஆள் ஒருவரை நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். யார் அடித்தது, எதால் அடித்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற நான்கும் பதிவில் வரவேண்டும். எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் பேசும் நர்ஸோ ஊழியரோ பெங்களூர் அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இருப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெளியே தெரியாத காயத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். சித்தி மகளுக்குக் கன்னத்தில் ஒரு தடமும் இல்லை. காதில் இரைச்சல் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் இ.என்.டி. பிரிவுக்கு அனுப்பினார்கள், செவிப்பறையில் சின்னக் கிழிசல் இருந்தது. காதில் அடி என்றால் செவித்திறன் பரிசோதனை, பல்லில் அடி என்றால் பல் டாக்டர், கை கால் வீங்கியிருந்தால் எக்ஸ்ரே. இது செலவு பார்க்கும் இடம் இல்லை. எலும்போ பல்லோ உடைந்தாலும் நகர்ந்தாலும், ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனாலும், கடும் வலியாலோ வழக்கமான வேலை செய்ய முடியாமலோ 15 நாள் அவதிப்பட்டாலும் சட்டத்தில் அது கொடுங்காயம். சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை, கொடுங்காயத்துக்கு 7 ஆண்டு வரை தண்டனை என்று வழக்கின் எடையே மாறிவிடும். மறுபரிசோதனைக்குச் சொன்ன தேதியில் தவறாமல் போங்கள். 15 நாள் அவதியைக் காட்டப்போவது அந்தச் சீட்டுகள்தான்.

எம்.எல்.சி. எண்ணும் ஓ.பி. சீட்டும் உங்களிடம் இருக்கட்டும். காயச் சான்றிதழை ஆஸ்பத்திரியிடமிருந்து வாங்குவது போலீஸ்காரர்தான். வாங்கினாரா என்று விசாரித்துக்கொண்டே இருக்கவேண்டியது நாம்.

இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. வேலை சம்பந்தமாக, வேலை நேரத்தில் பட்ட காயம் என்று விபத்து அறிக்கை கொடுக்கச் சொல்லி கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பணியிடக் காயமாக ஏற்றுக்கொண்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். சாதாரண நோய் விடுப்பில் அவ்வளவு வராது.

3. அன்று ராத்திரியே நோட்டில் எழுதுங்கள்

தையல் போட்ட, பக்கம் கிழிக்க முடியாத ஒரு நோட்டு வாங்குங்கள். பேனாவால், தமிழிலேயே எழுதுங்கள்.

"சூப்பர்வைசர் எப்போதும் கொடுமைப்படுத்துகிறார்" என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. இப்படி எழுதுங்கள்: "புதன்கிழமை, மாலை சுமார் 5.40. இரண்டாவது மாடி, நான்காவது லைன், என் மிஷின் பக்கம். காலர் பீஸ் 12 திரும்பி வந்தது. இன்சார்ஜ் மர ஸ்கேலால் இடது தோளில் இரண்டு முறை அடித்தார். என்ன சொல்லித் திட்டினார் என்றால்…" திட்டியதை அவர் பேசிய மொழியிலேயே, அதே வார்த்தைகளில் எழுதுங்கள். அசிங்கமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், அடித்தபின் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் வேண்டும்.

பழைய சம்பவங்களையும் ஞாபகம் வந்தவரை அதே நோட்டில் சேருங்கள். "இன்று நினைவிலிருந்து எழுதியது" என்று மேலே குறித்துவிடுங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டால் "தீபாவளிக்கு முந்தின வாரம்" என்றால் போதும். தெரியாத தேதியை ஊகித்துப் போட்டால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள்.

4. கேமரா அழிவதற்குள்

பல இடங்களில் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து புதிது ஏறிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே, "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த இடத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கவும், இது போலீஸ் விசாரணைக்குத் தேவை" என்று கம்பெனிக்கு நாலே வரிக் கடிதம் அனுப்புங்கள். நகலைப் புகாரோடு இணையுங்கள். பதிவு அழிந்துபோனாலும், கேட்ட பிறகும் அழித்தார்கள் என்று காட்ட அந்தக் கடிதம் கையில் இருக்கும்.

போனில் எடுத்த போட்டோ, வீடியோ, ஆடியோ எதையும் வெட்டாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். கோர்ட்டுக்கு மூலப் பதிவும் அதற்கான சான்றிதழும் தேவை, அதனால் எடுத்த போனையே பத்திரமாக வையுங்கள். வழக்கு முடிவதற்குள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

சாட்சி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். கூட வேலை செய்கிறவர்களை மிரட்டியோ அழுதோ இழுக்காதீர்கள். அவர்களுக்கும் வாடகையும் சீட்டுப் பணமும் இருக்கிறது. "பார்த்ததைச் சொன்னால் போதும், கூட்டிச் சொல்ல வேண்டாம்" என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் தைரியமாகச் சொல்வார்கள். அவர்கள் நம்பரைத் தேடிப் பிடியுங்கள்.

5. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆரா, என்.சி.ஆரா

வெறும் கையால் அடித்துச் சாதாரணக் காயம் என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) 115(2) பிரிவு. போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் அது, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும். அதனால் என்.சி.ஆர். (போலீஸ் தானாக விசாரிக்காத குற்றத்துக்கான பதிவு) என்று பதிந்து அனுப்பிவிடுவார்கள். இதைத் தெரியாமல் "கேஸ் போட்டாச்சு" என்று வீட்டுக்கு வந்து காத்திருப்பவர்கள் ஏராளம். அது அப்படியே கிடக்கும். ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றம் என்பதால் ஓராண்டுக்குள் கோர்ட்டில் புகார் போட்டுவிடவேண்டும் என்ற வரம்பும் உண்டு.

கத்தரி, இரும்புக் கம்பி போல ஆபத்தான கருவியால் அடித்திருந்தால் 118. வழியை மறித்து நிறுத்தியிருந்தால் 126. அறையில் அடைத்திருந்தால் 127. கொடுங்காயம் என்றால் 117. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கில் கைவைத்திருந்தால் 74. இவற்றில் ஒன்று இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். போடலாம், போடவும் வேண்டும். நடக்காததைச் சேர்க்கச் சொல்லவில்லை. அடிபட்டவர்கள் "அடித்தார்" என்பதோடு நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் ரூமில் அடைத்ததையும் கையில் கத்தரி இருந்ததையும் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். நடந்தது முழுவதையும் சொல்லுங்கள்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால், யார் முன்னிலையில் சொன்னார் என்பதோடு எழுதுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், நாலு பேர் பார்க்கும்படி அவமதித்தார் என்பது முக்கியம். விசாரணை டி.எஸ்.பி. நிலை அதிகாரியிடம் போகும், பெங்களூரில் என்றால் ஏ.சி.பி. சாதிச் சான்றிதழ் நகலைத் தயாராக வையுங்கள்.

புகாரை வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்கவேண்டும். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அல்சூர், விவேக்நகர், ஸ்ரீராம்புரம், பொம்மனஹள்ளி என்று நம் ஆட்கள் இருக்கும் எந்தத் தெருவிலும் இங்கே பள்ளியில் கன்னடம் படித்த பிள்ளை ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளை வரிவரியாகப் படித்துச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்களுக்கு முதலில் எழுதியதில் "வாய்த் தகராறு" என்றிருந்தது, அறைந்ததே இல்லை. மாற்றி எழுதச் சொல்லி வாங்கினோம். சொந்தமாகப் புகார் எழுதி எடுத்துப் போவது இன்னும் நல்லது. கோர்ட் பக்கம் இருக்கும் டைப்பிங் கடைகளில் கன்னடத்தில் அடித்துத் தருவார்கள்.

புகார் கொடுத்ததும் "ஸ்வீக்ருதி" கேளுங்கள், சீல் போட்ட ரசீதுத் தாள் தருவார்கள். அது இல்லாமல் எழுந்து வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் நகல் இலவசமாகத் தரவேண்டும். இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி "ஹிம்பரஹ" (போலீஸ் எழுதித் தரும் பதில் தாள்) கொடுத்து முடித்துவிட்டால் அதையும் வாங்கி வையுங்கள். மேலே போக அதுவே ஆதாரம்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரை அந்தப் பகுதி டி.சி.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். என்.சி.ஆர். ஆனாலும் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போட வழி உண்டு. இதற்கு வக்கீல் வேண்டும், இலவசமாகவே கிடைப்பார், 8-ம் படியில் சொல்கிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவேண்டியது போலீஸின் கடமை.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் வேலைக்கு வந்து போகிறவர்களுக்கு ஒன்று. எஃப்.ஐ.ஆர். போடத்தக்க குற்றம் என்றால் ஓசூர் ஸ்டேஷனிலேயே தமிழில் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது, பதிந்து கர்நாடகத்துக்கு மாற்றவேண்டும். மாற்றலுக்கு நாள் பிடிக்கும் என்பதால், உங்களால் முடிந்தால் நடந்த இடத்து ஸ்டேஷனே மேல்.

சமாதானப் பேச்சு வரும். போவதும் விடுவதும் உங்கள் உரிமை, யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கே கையெழுத்து மட்டும் வேண்டாம். மருத்துவச் செலவு, போன நாள் கூலி, எழுத்தில் மன்னிப்பு, அந்த ஆளை உங்கள் லைனிலிருந்து மாற்றுவது எல்லாம் தாளில் வந்தபிறகு யோசியுங்கள்.

6. கம்பெனிக்கு எழுத்தில்

போலீஸ் புகார் கொடுத்துவிட்டோம், கம்பெனிக்கு எதற்கு என்று விடாதீர்கள். நாளைக்கு "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்பார்கள். ஒரு பக்கம் போதும். என்ன நடந்தது, யார் செய்தது, என்ன கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஃபேக்டரி முகவரிக்கு ஒன்று, பதிவு அலுவலகத்துக்கு ஒன்று. கான்ட்ராக்டர் மூலம் வேலை என்றால் கான்ட்ராக்டருக்கும் மெயின் கம்பெனிக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

நேரில் கொடுத்தால் நகலில் சீல் போடமாட்டார்கள். தபாலே நல்லது. 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதால், ஸ்பீடு போஸ்டிலேயே ஒப்புகைச் சேவையும் சேர்த்துக் கேளுங்கள். உள்ளூர்க் கடிதம் என்றால் நூறு ரூபாய்க்குள் முடியும். ரசீதை உடனே போட்டோ எடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க் குழு இருக்கவேண்டும், அதில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சமமாக இருக்கவேண்டும். குழு உறுப்பினர் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதுவே லேபர் ஆபீசில் ஒரு புகார்.

7. அடி பாலியல் தொல்லையோடு வந்தால்

கைவைப்பது, உரசுவது, கொச்சையாகப் பேசுவது, மறுத்ததற்காக டார்கெட்டை ஏற்றி அடிப்பது என்றிருந்தால், வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி தனிப் பாதை இருக்கிறது. 10 பேர், அதற்கு மேல் என்றால் கம்பெனிக்குள் உள்குழு. அதைவிடக் குறைவு என்றாலோ, தொல்லை கொடுத்தவர் முதலாளியே என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழு. பெங்களூர் நகர மாவட்டத்துக்கு கே.ஜி. ரோடு டி.சி. (கலெக்டர்) ஆபீசில் விசாரியுங்கள். மத்திய அரசின் ஷீ பாக்ஸ் இணையதளத்திலும் புகார் போடலாம்.

கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். புகாரும் ஆதாரமும் 6 பிரதி, சாட்சிகளின் பெயர், முகவரியோடு. எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவவேண்டும். விசாரணைக்கு 90 நாள். அதுவரை இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்டு வாங்கலாம். இதை முதல் கடிதத்திலேயே கேளுங்கள், கேட்டால்தான் குழு பரிசீலிக்கும்.

குழு முன் வக்கீலை அழைத்துப் போக முடியாது. பணம் வாங்கிச் சமரசம் செய்வதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. "நிரூபிக்க முடியாவிட்டால் உன் மேல் நடவடிக்கை" என்று பயமுறுத்துவார்கள், நிரூபிக்க முடியாமல் போவது மட்டும் பொய்ப் புகார் ஆகாது. விசாரணை விவரத்தை வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள், ரகசியம் காப்பது சட்டக் கட்டாயம். இந்தப் பாதையில் போனாலும் போலீஸ் புகார் கொடுக்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

வீட்டு வேலை செய்பவர்கள் உள்ளூர்க் குழுவுக்குப் போனால், முகாந்திரம் இருக்கும்பட்சத்தில் குழு 7 நாளுக்குள் போலீஸுக்கு அனுப்பவேண்டும்.

8. வேலையை விட்டு நிறுத்தினால், இலவச வக்கீல் வேண்டுமானால்

புகார் கொடுத்த மறுவாரமே கேட்டில் பஞ்சிங் வேலை செய்யாது. "நாளைக்கு வா" என்பார்கள். அப்படித் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு நாளும் கேட் முன் நின்று போட்டோ எடுங்கள், அன்றே "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று ஹெச்.ஆருக்கு மெசேஜ் அனுப்புங்கள். இல்லாவிட்டால் "அவர்களே வரவில்லை" என்று எழுதிவிடுவார்கள். மிஷின் சாமான், யூனிபார்ம், கார்டு எதையும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், திருட்டுப் புகார் வருவதற்கு அதுதான் வழக்கமான வாசல்.

பன்னேர்கட்டா ரோட்டில் டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கும் கார்மிக பவனில் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். 45 நாளில் முடிவு வராவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், இ.எஸ்.ஐ., பி.எஃப். எண் ஆகியவற்றின் நகல் வேண்டும். சம்பளச் சீட்டே கிடையாது என்றால் வங்கிப் பக்கமும் கம்பெனி பஸ்ஸில் எடுத்த போட்டோவும்கூட உதவும். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தபின், வேலையை விட்டு நீக்கினாலும் நீங்களே விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளில் தரவேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சித்தய்யா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் கர்நாடக மாநில சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. ஆதார் நகல், புகார் நகல், எம்.எல்.சி. எண் கொண்டு போங்கள். வழக்குக்கு உண்மையில் ஆகும் செலவு போய்வரும் பஸ் காசும் இழக்கும் நாள் கூலியும்தான். அதைக் கணக்கிட்டு, ஒரே நாளில் முடிக்கக்கூடிய இரண்டு ஆபீஸ் வேலைகளைச் சேர்த்து வைத்துப் போங்கள்.

9. அடுத்தவர் மேல் அடி விழாமல் தடுக்க

தனி ஆள் நோட்டு வழக்குக்கு உதவும். பத்துப் பேர் சேர்ந்து வைக்கும் நோட்டு அடியையே தடுக்கும். லைனுக்கு ஒருவர் என்று நம்பிக்கையான ஆட்கள் சேர்ந்து ஒரே மாதிரி ஐந்து விவரங்களை மட்டும் எழுதுங்கள்: நாள், நேரம், இடம், என்ன நடந்தது, எதற்காக. அடிபட்டவர் பெயருக்குப் பதில் ஒரு குறி போடுங்கள், யார் யாருக்கு எந்தக் குறி என்பதை ஒருவரிடம் மட்டும் வையுங்கள். நோட்டு ஃபேக்டரிக்குள் போகக் கூடாது. அடிப்பது மட்டும் இல்லை, பீஸை முகத்தில் எறிவது, மிஷின் கரண்டை நிறுத்தி எழுந்து நிற்க வைப்பது, டாய்லெட் போக விடாதது எல்லாம் சேரட்டும். கைநீட்டுவது பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகிறது.

இரண்டு மாதம் எழுதிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு கண்ணில் படும். சித்தி மகளின் ஃப்ளோரில் ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாட்களில், மாலை கடைசி ஒரு மணி நேரத்தில், கேமரா இல்லாத ரீவொர்க் டேபிள் பக்கம்தான் பெரும்பாலும் நடந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள்தான் அதிகம் வாங்கியிருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டபின் நிர்வாகத்திடம் கேட்டது பொதுவான "பாதுகாப்பு" இல்லை. அந்த டேபிளை லைன் நடுவுக்கு மாற்றுங்கள், அங்கே கேமரா போடுங்கள், யாரையும் கண்டிக்கவேண்டும் என்றால் இன்னொரு பெண் ஊழியர் கூட இருக்கவேண்டும், மணிக்கணக்கு டார்கெட்டை மைக்கில் கத்தாதீர்கள். முதல் இரண்டும் நடந்தன. மற்றதற்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயர் இல்லாத, தேதி உள்ள அந்தக் கணக்கை நிர்வாகத்தால் "ஒருத்தியின் கோபம்" என்று ஒதுக்க முடியவில்லை.

இரவு ஷிப்ட் பெண்களுக்குப் போக்குவரத்து, கேமரா, அவர்களின் எழுத்துச் சம்மதம் எல்லாம் கர்நாடகத்தில் நிபந்தனைகள். வண்டி தெருமுனையில் விடாமல் வீட்டு வாசலில் விடுகிறதா என்பதையும் நோட்டில் குறியுங்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களை நோயாளியின் உறவினர்கள் தாக்கினால் 2009 கர்நாடகச் சட்டம் இருக்கிறது. அங்கே புகாரை நிர்வாகத்தின் பெயரில் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள், வார்டு அட்டெண்டரின் தனிச் சண்டையாக அதை மாற்ற விடாதீர்கள்.

கட்டட வேலையில் நோட்டைவிட ஆள்பலம் முக்கியம். சைட் ஷெட்டிலேயே தங்குகிறவர்களுக்கு மேஸ்திரியே வீட்டுக்காரர், மேஸ்திரியே கூலி தருகிறவர். சைட்டின் முழு முகவரி, பில்டர் பெயர், போர்டில் உள்ள விவரம் ஆகியவற்றைச் சேர்ந்த முதல் நாளே போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். 112-க்கு அழைத்தால் முதலில் கேட்பது முகவரிதான், பலருக்கு "ஒயிட்ஃபீல்டு பக்கம்" என்பதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை.

10. போனில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181. சட்ட உதவிக்கு 15100. கர்நாடகத் தொழிலாளர் துறைக்கு 155214. அடிபட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098. அழைத்த தேதி, நேரம், அவர்கள் கொடுத்த புகார் எண் மூன்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். தொழிலாளர் துறை எண்ணில் லைன் கிடைக்காவிட்டால் காலையில் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு நேரில் போய்விடுவதே வேகம்.